கடைப் பலகை முதல் காலண்டர் வரை: சிறு வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மேசைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. மரச்செக்கு எண்ணெய் விற்பவர், தையல் கடை வைத்திருக்கும் அக்கா, புதிதாக மெஸ் திறக்கப்போகும் அண்ணன் தம்பி என்று பலரும் அதில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பலகை, லேபிள், நோட்டீஸ் என்று அச்சு வேலையாகத்தான் வருவார்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு வியாபாரத்துக்குப் போய்விடும். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். விதிமுறைகள் வரும் இடங்களில் இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு விதிகளையும் மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

புதுக் கடை போடுகிறேன். விளம்பரத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். முதலில் எதற்குச் செலவழிக்கலாம்?

பலகைக்கு. பொட்டலம் போட்டு விற்பவர் என்றால் அதற்கடுத்து லேபிளுக்கு. மூன்றாவதாக, காசே செலவாகாத கூகுள் வரைபடப் பதிவு. மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். மூன்று மாதம் கடை நடத்திய பிறகு யார் வருகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அப்போது செலவழித்தால் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போகும்.

எந்த வேலை வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதைப் பார்க்கப்போகிறவர் எங்கே நிற்பார், எத்தனை நொடி பார்ப்பார்? பலகையைப் பார்ப்பவர் எதிர்ச் சாரியில் பைக்கில் போய்க்கொண்டிருப்பார், அவருக்கு இரண்டு நொடி. லேபிளைப் பார்ப்பவர் கையெட்டும் தூரத்தில் பத்துப் பொட்டலங்களுக்கு நடுவே உங்களுடையதைத் தேடுவார். விசிட்டிங் கார்டைப் பார்ப்பவர் ஆறு மாதம் கழித்து, கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, தொலைபேசி எண்ணை மட்டும் பார்ப்பார். இந்த மூன்று பேருக்கும் ஒரே வடிவமைப்பைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஒருவர் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்து விளம்பரம், ஆட்டோவில் ஒலிபெருக்கி என்று ஒரு மாதம் செலவழித்துவிட்டு, ஆள் வரவில்லை என்று என்னிடம் வந்தார். கடைக்குப் போய்ப் பார்த்தேன். பலகையின் பாதியை வேப்பமரக் கிளை மறைத்திருந்தது. விளம்பரத்தைக் கேட்டு வந்தவர்கள் கடையைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

பலகையில் என்னென்ன எழுதலாம்? எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

கடைப் பெயர், என்ன கடை என்பது, இவை இரண்டும் பெரிதாக. தொலைபேசி எண் சிறிதாக. அவ்வளவு போதும். "எங்களிடம்" என்று தொடங்கி இருபது பொருள்களை வரிசையாக அடுக்கும் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. அந்தப் பட்டியலைக் கடைக்குள் ஒரு சுவரில் மாட்டினால், காத்திருக்கும் வாடிக்கையாளர் பொழுதுபோகப் படிப்பார்.

ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடித் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. அறுபதடி தள்ளிப் போகிறவருக்கு ஆறங்குலம். இந்தக் கணக்கு ஆங்கில எழுத்துக்குச் சரி. தமிழுக்கு நான் எட்டங்குலம் போடுவேன். காரணம், நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். ண, ன இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி முதலில் மறையும். அதனால் தடித்த எழுத்து வேண்டும், ஆனால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும் அளவுக்குத் தடிமன் கூடாது. பலகை தயாரானதும் ஏணியில் ஏற்றுவதற்கு முன்பு தரையில் சாய்த்து வைத்துவிட்டு, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கும் ஒருமுறை பாருங்கள். சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து எவ்வளவு மோசம் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். கறுப்பில் மஞ்சள், வெள்ளையில் கரும்பச்சை, அடர்நீலத்தில் வெள்ளை எல்லாம் பழைய சேர்க்கைகள்தான். பழையவை என்பதற்காக ஒதுக்கவேண்டாம்.

விதிகளும் உண்டு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் வரவேண்டும், அடுத்து ஆங்கிலம், பிறகுதான் வேறு மொழி. அளவு விகிதம் 5:3:2 என்பது அரசு சொல்லும் கணக்கு. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் தங்கள் 15 இலக்க எண்ணை நுழைவாயில் பெயர்ப் பலகையில் காட்டவேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு நிலையான விழுக்காட்டை வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவர்கள் அதையும் பலகையில் குறிப்பிடவேண்டும். பலகை மாட்டிய பிறகு இவற்றை ஸ்டிக்கராக ஒட்டினால் சட்டையில் ஒட்டுப்போட்டது போல இருக்கும். வடிவமைக்கும்போதே கீழ் ஓரத்தில் ஒரு பட்டை விட்டுவிடுங்கள்.

ஃபிளெக்ஸா, ஏசிபி என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் அக்ரிலிக் எழுத்தா என்றும் கேட்பார்கள். ஃபிளெக்ஸ் மலிவு, ஆனால் தெற்கு, மேற்கு பார்த்த கடைகளில் வெயில் பட்டுச் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுத்துவிடும். வெளுத்துப்போன பலகை, மூடிய கடையின் பலகை போலத் தெரியும். வாடகைக் கடையில் நிலைப்போமா என்பது தெரியாத முதல் ஆண்டுக்கு ஃபிளெக்ஸ் போடுங்கள், தவறில்லை.

திறப்பு விழாவுக்குச் சாலையோரம் பேனர் வைக்கலாமா?

உள்ளாட்சி அனுமதி இல்லாமல் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்துபோனார். அதன் பிறகு நீதிமன்றமும் அதிகாரிகளும் காட்டிய கடுமை ஒருபுறம் இருக்கட்டும். என் கடையில் அனுமதிக் கடிதம் பார்க்காமல் சாலைப் பேனர் அச்சுக்கு எடுப்பதில்லை. வியாபாரம் போனால் போகிறது.

கடைக்கு என்ன பெயர் வைக்கலாம்? குலதெய்வத்தின் பெயர் என்றால் வேறு யாரும் எடுத்துவிடுவார்களா?

ஏற்கெனவே நூறு பேர் எடுத்திருப்பார்கள், சிக்கலே அதுதான். "ஸ்ரீ முருகன்" என்று மட்டும் வைத்தால் அந்தப் பெயரை உங்களுக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்வது கடினம். வரைபடத்தில் தேடுகிறவருக்கும் இருபது முருகன்கள் வந்து நிற்பார்கள். தெய்வப் பெயரை விட மனமில்லை என்றால் அதனுடன் ஊர், தெரு, தாத்தாவின் பட்டப்பெயர் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் எத்தனை விதமாக எழுதலாம் என்றும் யோசியுங்கள். ழ வரும் பெயர்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் இணையத்தில் தேடுகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சு செய்வார்கள்.

முடிவு செய்வதற்கு முன்பு வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவுக்கான விண்ணப்பத்தை இணையவழியில் போட்டால், தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு பொருள் வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. மொத்தம் 45 வகைகள். மசாலா, மாவு, இனிப்பு எல்லாம் 30-இல் வரும், சமையல் எண்ணெய் 29-இல் வரும். இரண்டும் விற்றால் இரண்டு கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவான குறி என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவாவதற்கு முன்பே போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். டிஎம் என்ற குறியை யார் வேண்டுமானாலும் போடலாம்.

லோகோவைக் கைபேசிச் செயலியில் நானே செய்துகொள்ளலாமா?

செய்யலாம். செயலியில் இருக்கும் ஆயத்த வடிவத்தை அப்படியே எடுத்தால், அதே இலை, அதே மண்பானை அடுத்த ஊர்க் கடையிலும் இருக்கும். பலருக்கும் கிடைக்கும் அந்த வடிவத்தை வணிகக்குறியாகப் பதிவதும் சிரமம்.

நீங்கள் செய்தாலும் நான் செய்தாலும் லோகோவுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிறிதாக்கி, கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பாருங்கள். பில் புத்தகத்தில், ரப்பர் ஸ்டாம்பில், வாட்ஸ்அப் வட்டப் படத்தில் அது அப்படித்தான் வரப்போகிறது. செக்கு, அதை இழுக்கும் மாடு, பின்னால் சூரியன், இரண்டு பக்கமும் நெற்கதிர் என்று வைத்தால் ஸ்டாம்பில் மைக்கறைதான் தெரியும். செக்கு ஒன்றே போதும்.

வடிவமைப்பாளரிடம் செய்தால் வேலை முடிந்ததும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கைபேசிக்கு வந்த படத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் அடுத்த பலகைக்குப் புதிதாக வரையக் காசு கொடுக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது என் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. காசு கொடுத்துவிட்டதால் மட்டும் லோகோவின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. எழுதிக் கையெழுத்திட்ட உரிமை மாற்றம் வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு மட்டும் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழ் வாசகம் அச்சில் உடைந்து வருகிறதே, ஏன்?

எங்கள் தொழிலின் நாள்பட்ட தலைவலி இது. கைபேசியில் நீங்கள் அடிப்பது யூனிகோடு தமிழ், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. டிடிபி கடைகளில் நெடுங்காலமாகப் புழங்கியவை பாமினி, வானவில், செந்தமிழ் போன்ற பழைய எழுத்துரு முறைகள். அவற்றில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும். மறுபுறம், பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களுக்கு யூனிகோடு தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. 'கொ' என்ற எழுத்தில் முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். எனவே நீங்கள் அனுப்பிய வாசகத்தை இங்கே ஒருவர் மாற்றுகிறார், அல்லது உட்கார்ந்து புதிதாகத் தட்டச்சு செய்கிறார். பிழை நுழைவது அங்கேதான்.

ஒரு மெஸ்ஸின் விலைப் பட்டியலில் வத்தக்குழம்பு, 'வத்தக்குழப்பம்' என்று அச்சாகிவிட்டது. நான் பார்த்தேன், உரிமையாளர் பார்த்தார், அவர் மைத்துனரும் பார்த்தார். மூவர் கண்ணுக்கும் குழம்பாகவே தெரிந்தது. முதல் நாள் சாப்பிட வந்த பள்ளி மாணவன் கண்டுபிடித்தான். அடித்த அத்தனையையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: மெய்ப்புத் தாளை வேலையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வேன். நீங்களும் கைபேசித் திரையில் பார்த்து "ஓகே" அனுப்பாதீர்கள். அசல் அளவில் தாளில் எடுத்துப் படியுங்கள். தொலைபேசி எண்ணைப் படித்துப் பார்க்காதீர்கள், அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள்.

நல்ல செய்தி, இப்போதைய மென்பொருள்களில் யூனிகோடு ஒழுங்காக வருகிறது. இலவச எழுத்துருக்களும் ஏராளம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பாலூ தம்பி, அனேக் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாலூ தம்பி கொழுகொழுவென்று இருக்கும். இனிப்புக் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் பொருந்தும், நகைக் கடைக்கு வேண்டாம். எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி இடத்துக்குள் திணிப்பதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் ஒரு சொல்லைக் குறையுங்கள்.

வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். லேபிளில் கட்டாயம் என்னென்ன வேண்டும்?

பொருளின் பெயர், எடை அளவில் இறங்குவரிசையில் சேர்மானப் பொருள்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, தொகுதி எண், எல்லா வரியும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, கிராம் கணக்கில் அலகு விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், சைவ அசைவக் குறி. பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்ந்தால் அசைவக் குறிதான். நிலக்கடலை, பால், கோதுமை போன்றவை இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பும் வேண்டும். சத்து விவர அட்டவணை போன்ற சிலவற்றில் பொருளையும் பொட்டலத்தின் அளவையும் பொறுத்துச் சலுகைகள் உண்டு. அச்சுக்குப் போகுமுன் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரியைக் காட்டிவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத விஷயம், இந்தக் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாகவேண்டும். தமிழை அவற்றுடன் சேர்க்கலாம், தமிழில் மட்டும் போட்டால் சட்டம் ஏற்காது. பலகைக்குத் தமிழ் முதலில், பொட்டலத்துக்கு ஆங்கிலம் கட்டாயம் என்று விதிகள் எதிரெதிராக இழுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நான் முன்பக்கத்தை முழுக்கத் தமிழுக்கு விடுவேன். பொருளின் பெயரையும் எடையையும் மட்டும் அங்கே ஆங்கிலத்திலும் சேர்த்துவிட்டு, மற்ற விவரங்களைப் பின்பக்கத்துக்கு அனுப்புவேன்.

விலை, தேதி, தொகுதி எண் ஆகியவற்றை லேபிளில் முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள். மிளகாய் விலை ஏறினால் மொத்தக் கட்டும் வீண். வெள்ளைக் கட்டம் விட்டு, பிறகு முத்திரையிட்டுக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் லேமினேஷன் பூச்சு வராமல் பார்க்கவேண்டும். வழவழப்பில் ஸ்டாம்ப் மை ஒட்டாமல் தீற்றிவிடும். எண்ணெய்ப் பாட்டிலுக்குக் காகித ஸ்டிக்கர் போட்டால் ஒரே வாரத்தில் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகும், எண்ணெய் ஊறாத பிளாஸ்டிக்கான பிபி ஃபிலிம் ஸ்டிக்கர் கேளுங்கள். மஞ்சள் பொடி விற்பவருக்கு வெள்ளை உறை ஆகாது. அடைக்கும்போதே கைபட்டுக் கறையாகிவிடும்.

லேபிளில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று போடலாமா? அனுபவத்தில் கண்ட உண்மைதான்.

கூடாது. சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. நீரிழிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. சத்துமாவு, கருப்பட்டி, சிறுதானியம் விற்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். பொருளில் என்ன இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். "கல் எந்திரத்தில் அரைத்தது", "வறுத்த நாள் இது" என்ற வரிகள் நோய்ப் பட்டியலைவிட நன்றாக விற்கின்றன.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த மிட்டாய்க்கு அந்தப் பெயரைப் போட்டால் வழக்கு வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அப்படியே.

கைபேசியில் பார்த்த பச்சை அச்சில் மங்கலாக வந்துவிட்டது. யார் தவறு?

பெரும்பாலும் யார் தவறும் இல்லை. திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, தாளில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கலந்து காட்டவேண்டும். கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு, மின்நீலம் மூன்றும் இந்தக் கலவையில் வரவே வராது. வடிவமைக்கும்போதே கோப்பை அச்சு வண்ண முறையில் வைத்தால் ஏமாற்றம் குறையும். நிறம் உங்களுக்கு உயிர் என்றால் ஒரு தாள் மாதிரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

படம் மங்கலாக வந்தால் அது வேறு கதை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் புகைப்படம் சுருங்கிவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். அச்சுக்கு அசல் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கவேண்டும். ஓரங்களில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டவேண்டும்.

ஐந்நூறு நோட்டீஸுக்கும் ஆயிரத்துக்கும் விலை வித்தியாசமே இல்லையே?

ஆஃப்செட் அச்சில் தகடு செய்வதும் மை ஏற்றிச் சரிபார்ப்பதும்தான் பெருஞ்செலவு. எந்திரம் ஓடத் தொடங்கினால் ஆயிரமும் இரண்டாயிரமும் தாள் காசுதான். ஐம்பது, நூறு வேண்டுமென்றால் தகடு தேவையில்லாத டிஜிட்டல் அச்சு. மலிவாக இருக்கிறதே என்று ஐயாயிரம் விசிட்டிங் கார்டு அடித்து, எண் மாறிய பிறகு கட்டுக்கட்டாகக் கணக்கு எழுதப் பயன்படுத்துபவர்களை எனக்குத் தெரியும்.

நோட்டீஸ் இந்தக் காலத்தில் எடுபடுமா?

தெருவுக்குத் தெரு எடுபடும், ஊர் முழுக்க என்றால் வீண். நாளிதழ் போடுபவரிடம் கொடுக்கும்போது உங்கள் கடைக்கு நடந்து வரக்கூடிய தெருக்களை மட்டும் சொல்லுங்கள். "இதைக் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் அப்பளம்" என்று போட்டு, திரும்பி வரும் நோட்டீஸ்களை எண்ணுங்கள். நோட்டீஸின் மூலையில் தெருவுக்கு ஒரு குறி இட்டால் எந்தத் தெரு வாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் தினமும் "காலை வணக்கம்" அனுப்புகிறேன். பயன் உண்டா?

உங்களை 'மியூட்' செய்திருப்பார்கள். சொல்ல ஏதாவது இருக்கும் அன்று மட்டும் அனுப்புங்கள்: இன்று மீன் என்ன வந்திருக்கிறது, நாளை கடை விடுமுறை, தைத்த துணி தயார்.

வாடிக்கையாளர்களை ஒரே குழுவில் சேர்ப்பதை உடனே நிறுத்துங்கள். எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு தையல் கடைக் குழுவிலிருந்து எண்ணை எடுத்து யாரோ ஒருவன் இரவில் பெண்களுக்குச் செய்தி அனுப்ப, அந்த அக்கா பத்து வாடிக்கையாளர்களை இழந்தார். 'பிராட்காஸ்ட்' பட்டியல் பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்குத்தான் போகும். அதனால் கல்லாவுக்கு அருகே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் சொல்கிறோம்" என்று ஓர் அட்டை வையுங்கள். வணிகர்களுக்கென்று 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருள் பட்டியல், கடை நேரம், தானாகப் போகும் பதில் எல்லாம் அதில் வைக்கலாம்.

கூகுளில் ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருக்கிறார். நீக்க முடியுமா?

விதிமீறலாக இருந்தால் புகார் செய்யலாம். உண்மையான குறை என்றால் நீக்க மாட்டார்கள். பதில் எழுதுங்கள், அவருக்காக எழுதாதீர்கள், அதைப் பிறகு படிக்கப்போகும் ஐம்பது பேருக்காக எழுதுங்கள். "அன்று சமையல்காரர் வரவில்லை, தாமதம் எங்கள் தவறு, அடுத்தமுறை வந்தால் கல்லாவில் என்னைக் கேளுங்கள்" என்பதுபோல மூன்று வரி. "நீங்கள் எங்கள் கடைக்கே வந்ததில்லை" என்று சண்டைக்குப் போனால் படிப்பவர்கள் அவர் பக்கம் சாய்வார்கள். காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குவதை கூகுள் தடை செய்திருக்கிறது. படிக்கும் வாடிக்கையாளருக்கும் அது எளிதில் பிடிபடும்.

பதிவைப் பொறுத்தவரை வரைபட ஊசி சரியான வாசலில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்தெருவில் குத்தியிருந்தால் ஆட்டோக்காரர் அங்கேதான் இறக்கிவிடுவார். பொங்கல், தீபாவளி விடுமுறை நேரத்தை மாற்றி வையுங்கள். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் வரைபடத்தில் முதலிடம்" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பதிவு இலவசம், வரைபட வரிசையில் இடத்தை யாரும் விற்பதில்லை.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கட்டி விளம்பரம் செய்யலாமா?

கேக், சேலை, அலங்காரப் பொருள் என்றால் செய்து பார்க்கலாம். மளிகைக் கடைக்கு அவசியமில்லை. செய்தால் கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் மட்டும் காட்டும்படி வைத்து, நாளைக்கு நூறு இருநூறு என்று ஒரு வாரம் ஓட்டுங்கள். விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள், வந்த அழைப்புகளை எண்ணுங்கள்.

நடிகர் படத்தை விளம்பரத்தில் போடலாமா? இணையத்தில் எடுத்த படம்?

இரண்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் ஒருவர் முகத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதும், பிறர் எடுத்த புகைப்படத்தை எடுத்தாள்வதும் வழக்கில் முடியலாம். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோர வெளிச்சத்தில் வாழையிலையில் வைத்து உங்கள் கைபேசியில் நீங்கள் எடுத்த இட்லியின் படமே போதும். 'ஃபிளாஷ்' மட்டும் போடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படம் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். பின்னணிக்குச் சரி. விற்கும் பொருளின் படமாக வைத்தால், தட்டில் வருவது வேறாக இருக்கும்போது வாடிக்கையாளர் கேட்பார். அவை எழுதும் தமிழையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தமிழ்போலத் தோன்றும், தமிழில் இல்லாத எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன்.

பணம் செலுத்தும் கியூஆர் அட்டையை எங்கள் லோகோ வண்ணத்தில் செய்து தருவீர்களா?

கட்டங்கள் அடர்நிறத்திலும் பின்னணி வெள்ளையிலும் இருக்கும்வரை செய்யலாம். தலைகீழாக்கினால் சில கைபேசிகள் படிக்காது. சுற்றிலும் வெற்று ஓரம் விடவேண்டும். மேசை அட்டையில் இரண்டங்குலத்துக்குக் குறைக்காதீர்கள். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் அதில் எதிரொளிக்கும். காலையில் கடை திறந்ததும் உங்கள் அட்டைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். அப்படி ஒட்டி அரை நாள் கல்லாவைத் தன் கணக்குக்குத் திருப்பியவனைப் பற்றி ஒரு பழக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

புத்தாண்டுக்குக் காலண்டர் கொடுப்பது இன்னும் பயனுள்ளதா? எப்போது சொல்லவேண்டும்?

கொடுப்பதாக இருந்தால் தினசரி காலண்டர் கொடுங்கள். கைபேசியில் தேதி இருந்தாலும் ராகு காலம், நல்ல நேரம் பார்க்கச் சுவருக்குப் போகும் வீடுகள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன. ஓராண்டு முழுக்கத் தினமும் ஒருமுறை உங்கள் கடைப் பெயர் கண்ணில் படும். கீழே இருக்கும் அட்டையில் பெயர், எண், இடம் மட்டும் போடுங்கள். சாமி படத்தை வீட்டில் பெரியவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், அதில் நான் தலையிடுவதில்லை.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவார்கள். அப்போதே படத்தைத் தேர்ந்து வைத்துவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் வந்தால் நல்ல படங்கள் தீர்ந்திருக்கும். மார்கழியில் வருகிறவர்களுக்கு, மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இயற்கைக் காட்சிதான் மிச்சம் இருக்கும்.